வீட்டில் கர்ப்பப் பரிசோதனை: நாள் குறிப்பதிலிருந்து கோடு பார்ப்பது வரை

ஆய்வகத்தில் மாதிரி வாங்கும் மேசை என்னுடையது. வீட்டில் செய்து பார்த்துவிட்டுக் குழம்பிப் போனவர்கள் வாரம் தவறாமல் வருகிறார்கள். சிலர் கைப்பையிலிருந்து டிஷ்யூ தாளில் சுற்றிய கேசட்டை, அதாவது பரிசோதனைப் பட்டையை அடக்கிய பிளாஸ்டிக் தகட்டை, எடுத்து நீட்டுவார்கள். சிலர் செல்போனில் நாலைந்து கோணங்களில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, "இது கோடுதானே?" என்பார்கள்.

நான் கோட்டைப் பார்ப்பதற்கு முன்பே மூன்று கேள்விகள் கேட்பேன். கடைசி மாதவிடாய் எந்தத் தேதியில் தொடங்கியது? பரிசோதனையை எந்த நேரத்தில் செய்தீர்கள்? எத்தனை நிமிடம் கழித்துப் பார்த்தீர்கள்? பெரும்பாலான குழப்பம் இந்த மூன்றுக்குள்ளேயே அவிழ்ந்துவிடும். கிட் கெட்டுப்போய்த் தவறு நடப்பதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். நாளை எண்ணுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் முதல் படிக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. கிட் வாங்கும் முன் நாளைக் கணக்கிடுங்கள்

கிட் தேடுவது எச்.சி.ஜி. என்ற ஒரே ஒரு ஹார்மோனை. கரு உருவான உடனே அது சிறுநீருக்கு வந்துவிடாது. கரு கருப்பைச் சுவரில் ஒட்டிப் பதிந்த பிறகுதான் ரத்தத்தில் கலக்கத் தொடங்கும், அதன் பிறகே சிறுநீரில் தெரியும். முட்டை வெளியாகிக் கரு பதிவதற்கு 6 முதல் 12 நாள் வரை ஆகலாம். பெரும்பாலோருக்கு 8, 9, 10 ஆகிய நாட்களில் பதிகிறது. பதிந்த பின் ஆரம்ப வாரங்களில் ஹார்மோனின் அளவு ஏறக்குறைய இரண்டு அல்லது மூன்று நாளுக்கு ஒரு முறை இரட்டிப்பாகும்.

இதைத் தேதி போட்டுப் பார்த்தால் எளிதில் விளங்கும். ஒருவருக்குச் சரியாக 28 நாள் சுழற்சி, கடைசி மாதவிடாய் 1ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம். 15ஆம் தேதி வாக்கில் முட்டை வெளியாகும், 23 முதல் 25க்குள் கரு பதியும், 29ஆம் தேதி அடுத்த மாதவிடாய் வர வேண்டும். அன்று வராவிட்டால் பரிசோதித்துப் பார்க்கலாம். ஆனால் அதே பெண்ணுக்கு அந்த மாதம் முட்டை நான்கு நாள் தாமதமாக 19ஆம் தேதி வெளியாகியிருந்தால், கருவே 27 முதல் 29க்குள்தான் பதியும். 29ஆம் தேதி காலையில் அவர் பார்ப்பது ஒற்றைக் கோடாகத்தான், அதாவது கர்ப்பம் இல்லை என்ற விடையாகத்தான் இருக்கும். அவர் கர்ப்பமாக இருப்பார், கிட்டும் ஒழுங்காக வேலை செய்திருக்கும். இரண்டு பக்கமும் பிழையில்லாமலே முடிவு தவறாகிவிடும்.

ஒரு பேச்சுக்கு, ஒரு நாளில் எச்.சி.ஜி. 3 அலகு என்று வையுங்கள். இரண்டு நாளில் 6, நான்கு நாளில் 12, ஆறு நாளில் 24. அலகு 25ஐத் தொட்டால்தான் கோடு காட்டும் கிட்டுக்கு, முதல் நாளும் ஐந்தாம் நாளும் ஒன்றுதான். அந்த ஐந்து நாளில் எத்தனை கிட் வாங்கினாலும் பணம்தான் போகும்.

ஆகவே என் கணக்கு இது. நாள் தள்ளிப்போன முதல் நாளில் செய்தால், இரண்டு கோடு வந்தால் நம்பலாம், ஒற்றைக் கோடு வந்தால் அதை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தள்ளிப்போய் ஒரு வாரம் ஆன பிறகு செய்தால் இரண்டு விதமான விடையையும் பெருமளவு நம்பலாம். மாதவிடாய்க்கு நாலைந்து நாள் முன்பே செய்து பார்ப்பது, பூ உதிருமுன் காயைத் தேடுகிற கதை.

மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்கள் 'தள்ளிப்போன நாள்' என்று ஒன்றைக் குறிக்கவே முடியாது. அவர்கள் வேறு இடத்திலிருந்து எண்ண வேண்டும். கருத்தடை இல்லாமல் கடைசியாக உறவு கொண்ட நாளிலிருந்து 21 நாள் முடிந்த பிறகு செய்தால் போதும். நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்கள், பால் கொடுப்பதால் இன்னும் மாதவிடாய் திரும்பாதவர்கள், அவசரக் கருத்தடை மாத்திரை சாப்பிட்டதால் நாள் முன்பின்னாகக் குழம்பியவர்கள் ஆகிய எல்லோருக்கும் இந்த 21 நாள் கணக்குத்தான் கை கொடுக்கும்.

இன்னும் இரண்டு பேர் கிட்டைத் திறக்கும் முன்பே நிற்க வேண்டும். குழந்தைப்பேறு சிகிச்சையில் முட்டை வெடிப்பதற்காக ஊசி போட்டுக்கொண்டவர் ஒருவர். அந்த ஊசிகளில் பல, எச்.சி.ஜி.யே. உடலைவிட்டு அது முழுதாக வெளியேற 10 முதல் 14 நாள் ஆகலாம். அதற்குள் செய்தால், கிட் ஊசி மருந்தையே படித்துக் காட்டும். மற்றொருவர், அண்மையில் கரு கலைந்தவர், கலைத்தவர் அல்லது குழந்தை பெற்றவர். பழைய கர்ப்பத்தின் ஹார்மோன் வடிய சில வாரங்கள், சிலருக்கு ஆறு வாரம் வரைகூட ஆகும். இவர்கள் இருவரும் தங்கள் மருத்துவர் சொன்ன நாளில் செய்வதே நல்லது.

2. அட்டைப் பெட்டியைப் படித்துவிட்டு வாங்குங்கள்

பட்டை, கேசட், நேரடியாகச் சிறுநீர்ப் பாய்ச்சலில் பிடிக்கும் குச்சி, எழுத்தில் விடை சொல்லும் டிஜிட்டல் வகை என்று பலவிதம் உண்டு. உள்ளே இருப்பது ஒரே மாதிரியான தாள்பட்டைதான். விலை அதிகமானால் விடை உண்மையாகும் என்பது இல்லை. கையாள்வது சற்றுச் சுலபமாகும், அவ்வளவே.

பார்க்க வேண்டிய எண் ஒன்று உண்டு. உணர்திறன் என்ற இடத்தில் 25 அல்லது 10 எம்.ஐ.யு. (ஹார்மோனை அளக்கும் அலகு) என்று போட்டிருக்கும். 25 என்றால் 10ஐ விடச் சக்தி அதிகம் என்று எண்ணி வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். இது தலைகீழ்க் கணக்கு. எண் சிறியதாக இருந்தால் குறைந்த ஹார்மோனையே பிடித்துவிடும், அதாவது சில நாள் முன்னதாகக் காட்டும். நாள் தள்ளிப்போய் ஒரு வாரம் ஆனவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

'99 சதவீதம் துல்லியம்' என்ற வரியை அப்படியே விழுங்க வேண்டாம். போதுமான ஹார்மோன் உள்ள மாதிரியில், சொன்னபடி செய்தால், மாதவிடாய் வர வேண்டிய நாளிலோ அதற்குப் பின்னரோ என்ற நிபந்தனைகள் அதற்குப் பின்னால் இருக்கின்றன. நாலு நாள் முன்கூட்டிச் செய்பவருக்கு அந்த 99 பொருந்தாது.

காலாவதித் தேதியைப் பாருங்கள். உறை கிழியாமல், காற்றுப் புகாமல் மூடியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பட்டையில் பூசியிருக்கும், ஹார்மோனைப் பிடிக்கும் எதிர்ப்புரதங்கள் ஈரத்திலும் வெப்பத்திலும் கெட்டுவிடும். ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் உள்ளே இருப்பதும் இதற்காகத்தான். பெரும்பாலான கிட்டுகளை 2 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள் வைக்கச் சொல்வார்கள். குளியலறை அலமாரியில் மாதக்கணக்கில் வைத்திருந்த கிட்டை நான் நம்ப மாட்டேன்.

கடைசியாக, பெட்டியின் பெயரை இன்னொரு முறை படியுங்கள். முட்டை வெளியாகும் நாளைக் காட்டும் கிட்டும் இதே உருவத்தில்தான் வருகிறது. அது தேடுவது எல்.எச். என்ற வேறு ஹார்மோனை. அதில் இரண்டு கோடு எந்தப் பெண்ணுக்கும் வரலாம். ஒரு தம்பதி மூன்று நாளாக இரண்டு கோடு வருகிறது என்று மகிழ்ச்சியோடு வந்தார்கள். பெட்டியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அதை அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குச் சில நொடிகள் வார்த்தை வரவில்லை.

வாங்கும்போது இரண்டாக வாங்கிவிடுங்கள். ஏன் என்பது ஆறாவது படியில் தெரியும்.

3. முந்தைய இரவே தயாராகுங்கள்

காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர்தான் சிறந்தது. இரவு முழுக்கத் தேங்கியிருப்பதால் ஹார்மோன் அதில் அடர்த்தியாக இருக்கும். நாள் தள்ளிப்போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால் எந்த நேரமும் சரிதான். ஆனால் ஆரம்ப நாட்களில் இந்த ஒரு விஷயமே கோடு தெரிவதற்கும் தெரியாததற்கும் நடுவில் நிற்கும்.

காலையில் முடியாவிட்டால், குறைந்தது நான்கு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருந்துவிட்டுச் செய்யலாம். அந்த நேரத்தில் வழக்கத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காதீர்கள். சிறுநீர் வர வேண்டுமே என்று ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்காருவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. வெளுத்த நீர்போல வரும் அந்தச் சிறுநீரில் ஹார்மோனும் அதே விகிதத்தில் கரைந்துவிடும். அதற்காக நாவறளக் கிடக்கவும் வேண்டாம், தாகத்துக்குக் குடியுங்கள்.

சுத்தமான, ஈரமில்லாத ஒரு கோப்பை, நேரம் பார்க்கக் கடிகாரம், கிட்டுடன் வந்த தாள் மூன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சோப்புப் போட்டுக் கழுவிய கோப்பையை நன்றாக அலசிக் காய வையுங்கள், சோப்பு எச்சம் பட்டையைக் குழப்பலாம். தாளை இரவிலேயே படித்துவிடுங்கள். காலையில் கை நடுங்க, தூக்கக் கலக்கத்தில், பொடி எழுத்தைப் படிக்க முடியாது. முன்பு ஒரு முறை செய்திருக்கிறேன் என்று விட்டுவிடவும் வேண்டாம், சொட்டு எண்ணிக்கையும் நிமிடமும் கிட்டுக்குக் கிட் மாறும்.

4. செய்யும் முறை

கிட் குளிர்ச்சியான இடத்தில் இருந்திருந்தால், அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு உறையைப் பிரியுங்கள். பிரித்ததும் உடனே பயன்படுத்துங்கள்.

முதலில் வரும் சிறிதளவு சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதைக் கோப்பையில் பிடியுங்கள்.

கேசட் என்றால் அதைச் சமமான மேசையில் படுக்க வையுங்கள். சொட்டுக்குழாயைச் செங்குத்தாகப் பிடித்து, தாளில் சொன்ன எண்ணிக்கையில் 'எஸ்' என்று குறித்த குழியில் சொட்டுங்கள். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு சொட்டுக்குள் இருக்கும். காற்றுக்குமிழ் விழுந்தால் சொட்டின் அளவு குறைந்துவிடும், அதனால் அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். கோடு தெரியும் பெரிய சாளரத்தில் ஒரு சொட்டும் விழக் கூடாது. ஊற ஊறத் தெளிவாகத் தெரியும் என்று குழியை நிரப்பிவிடுகிறார்கள். அப்போது திரவம் பட்டையில் சீராக ஊறி ஏறாமல் வெள்ளமாகப் பரவி, சாயத்தை அடித்துக்கொண்டு போய்விடும்.

பட்டை என்றால் அம்புக்குறி கீழே பார்க்க, அளவுக்கோடு வரை மட்டும், சொன்ன நொடிகளுக்கு நனையுங்கள். கோட்டைத் தாண்டி முக்கினால் அந்தப் பட்டை வீண். எடுத்துக் கிடையாக வையுங்கள்.

கடிகாரத்தை அப்போதே ஓட விடுங்கள். பிறகு அந்த இடத்தைவிட்டு நகர்ந்து நில்லுங்கள். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால், சாயம் ஊறி ஏறும்போது தோன்றி மறையும் நிழலெல்லாம் கோடாகத் தெரியும்.

5. கோட்டைப் படிப்பது

முதலில் 'சி' என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே கோடு இல்லை என்றால் பரிசோதனையே நடக்கவில்லை என்று பொருள். விடை தெரியும் 'டி' என்ற இடத்தில் எவ்வளவு பளிச்சென்று கோடு இருந்தாலும் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். 'சி' கோடு, திரவம் பட்டை முழுக்க ஏறியது என்பதற்கான சாட்சி மட்டுமே. உங்கள் நாள் கணக்குச் சரி என்றோ, சிறுநீர் போதுமான அடர்த்தி என்றோ அது சொல்வதில்லை.

பார்க்க வேண்டிய நேரம் பெரும்பாலும் 3 முதல் 5 நிமிடம். 10 நிமிடத்துக்கு மேல் போனால் எந்த விடையும் செல்லாது. இந்த ஒரு விதியை மீறியதால் வந்த குழப்பமும் என் மேசைக்கு அடிக்கடி வருகிறது. காலையில் ஒற்றைக் கோடு என்று குப்பைக்கூடையில் போட்டிருப்பார்கள். மனம் கேட்காமல் மாலையில் எடுத்துப் பார்த்தால் இரண்டாவது கோடு! சிறுநீர் காய்ந்து உப்பு படிந்த தடம் அது. ஆவியான தடம் என்று சொல்லலாம்.

அதை எப்படிப் பிரித்தறிவது? நிறத்தைப் பாருங்கள். உண்மையான கோட்டில் 'சி' கோட்டின் நிறமே இருக்கும். 'சி' இளஞ்சிவப்பு என்றால் 'டி'யும் இளஞ்சிவப்பாகத்தான் வர வேண்டும், மங்கலாக இருந்தாலும் சரி. அகலமும் ஒன்றாக இருக்கும், சாளரத்தின் மேல்விளிம்பிலிருந்து கீழ்விளிம்பு வரை முழுதாக ஓடும். காய்ந்த தடம் சாம்பல் நிறத்தில், முடி போல் மெலிந்து, பாதியில் நின்றிருக்கும். கேசட்டைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற கோடு, பெரும்பாலும் எதிர்ப்புரதம் பூசிய இடத்தின் பள்ளமே.

நேரத்துக்குள், நிறத்தோடு வந்த மங்கல் கோடு கர்ப்பத்தையே குறிக்கும். 'பாதிக் கர்ப்பம்' என்று ஒன்று கிடையாது. ஹார்மோன் குறைவாக இருக்கிறது, அதாவது நாள் இன்னும் அதிகமாகவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். இரண்டு நாள் பொறுத்து மறுபடி பாருங்கள்.

செல்போனில் படம் எடுத்து நிறத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்காதீர்கள். இல்லாத கோட்டையும் அது வரைந்துவிடும். டிஜிட்டல் கிட்டை உடைத்து உள்ளே இருக்கும் பட்டையைப் பார்ப்பதும் வேண்டாம். அந்தப் பட்டை கண்ணால் படிப்பதற்காகச் செய்தது அல்ல, கர்ப்பம் இல்லாதவருக்கும் அதில் இரண்டாவது கோடு தெரியலாம்.

சர்க்கரை, உப்பு, பற்பசை வைத்துச் செய்யும் பரிசோதனைகள் எதுவும் ஹார்மோனைத் தொடுவதே இல்லை. பற்பசையில் உள்ள கால்சியம் கார்பனேட்டும் சிறுநீரின் அமிலமும் சேர்ந்தால் நுரை வரும். ஆணின் சிறுநீரிலும் வரும்.

6. ஒற்றைக் கோடு, ஆனால் மாதவிடாய் வரவில்லை

இங்கேதான் இரண்டாவது கிட் தேவைப்படும். அன்று மாலையே அதைத் திறக்காதீர்கள், ஹார்மோன் இரட்டிப்பாக நேரம் கொடுங்கள். மூன்று நாள் கழித்து, முதல் சிறுநீரில் செய்யுங்கள். அப்போதும் ஒற்றைக் கோடு என்றால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

அதற்கும் மேல் நாள் போனால் கிட்டோடு மல்லுக்கட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனை, கிட்டால் பிடிக்க முடியாத சிறிய அளவையும் எண்ணாகச் சொல்லிவிடும். கர்ப்பம் இல்லை என்று உறுதியானால் நாள் தள்ளிப்போனதற்கு வேறு காரணம் தேட வேண்டும். தைராய்டு, புரோலாக்டின் என்ற ஹார்மோன், நீர்க்கட்டி, உடல் எடையில் திடீர் மாற்றம், கடும் மன அழுத்தம் என்று பட்டியல் நீளும்.

அபூர்வமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போயிருக்கும், வாந்தியும் மசக்கையுமாக இருக்கும், கிட் மட்டும் ஒற்றைக் கோடு காட்டும். ஹார்மோன் ஏராளமாகிப்போனால், பட்டையில் உள்ள எதிர்ப்புரதங்கள் திணறிப்போய் 'டி' கோடு உருவாகாமல் போவதுண்டு. அறிகுறிகள் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது கிட்டை நம்பி வீட்டில் இருக்காதீர்கள். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும்தான் வழி.

7. இரண்டு கோடு, ஆனால் சந்தேகம்

இரண்டு கோடு பொய்யாக வருவது அரிது. வலி மாத்திரை, ஆன்டிபயாடிக், கருத்தடை மாத்திரை எதுவும் இரண்டாவது கோட்டை வரவழைக்காது. எச்.சி.ஜி. ஊசியும் அண்மையில் முடிந்த கர்ப்பமும்தான் முக்கிய விதிவிலக்குகள். முத்துப்பிள்ளைக் கர்ப்பம் (கருவாக வளராமல் நீர்க்கொப்புளத் திரளாக வளர்வது), எச்.சி.ஜி. சுரக்கும் சில கட்டிகள் ஆகியவற்றிலும் கோடு வரும். அதனால்தான் இரண்டு கோட்டோடு நிற்காமல் மருத்துவரைப் பார்க்கச் சொல்வது.

இன்று இரண்டு கோடு, நாலு நாள் கழித்து மாதவிடாய் போல உதிரம், பிறகு ஒற்றைக் கோடு என்று வந்தால் முதல் கிட் பொய் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது பொய் இல்லை. கரு பதிந்து, மிகச் சில நாளிலேயே கலைந்திருக்கிறது. முன்கூட்டிப் பரிசோதிக்காதிருந்தால், நாலு நாள் தாமதமாக வந்த மாதவிடாய் என்று கடந்துபோயிருக்கும். சீக்கிரம் செய்வதற்குள்ள இந்த விலையை யாரும் பெட்டியில் எழுதுவதில்லை. அந்தப் பெண் எதையும் தவறாகச் செய்ததால் அது நடந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

நாள்தோறும் செய்து கோடு கருத்துக்கொண்டே போகிறதா என்று பார்ப்பதில் பலனில்லை. கோட்டின் அழுத்தம் சிறுநீரின் அடர்த்தியோடும் பட்டையின் தயாரிப்போடும் மாறும். கரு எங்கே இருக்கிறது, எத்தனை வாரம், வளர்கிறதா என்ற மூன்றும் கிட்டுக்குத் தெரியாதவை.

கர்ப்பம் என்று தெரிந்ததும், நீங்கள் ஏற்கெனவே எடுத்துவரும் மாத்திரைகளைப் பற்றி அன்றே மருத்துவரிடம் கேளுங்கள். வலிப்பு, ரத்த அழுத்தம், கடும் முகப்பரு ஆகியவற்றுக்கான சில மருந்துகள் கருவைப் பாதிக்கும். ஆனால் வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து. அதனால் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

8. இவை இருந்தால் கிட்டை ஓரமாக வையுங்கள்

அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள் நுனியில் காரணமில்லாத வலி, தலைசுற்றல், மயக்கம், உதிரப்போக்கு. நாள் தள்ளிப்போன ஒருவருக்கு இவற்றில் எது வந்தாலும் கோடு எத்தனை என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. கரு கருக்குழாயில் தங்கியிருந்தால் குழாய் வெடித்து உள்ளுக்குள் ரத்தம் கசியலாம். அங்கேயும் கிட் இரண்டு கோடுதான் காட்டும், சில நேரம் மங்கலாக, சில நேரம் ஒற்றைக் கோடாகவும் காட்டும். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

அவசரம் இல்லாமல் வருகிறவர்கள், கேசட்டைக் கைப்பையில் கொண்டுவர வேண்டியதில்லை. கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதி, வழக்கமான சுழற்சி எத்தனை நாள், பரிசோதித்த தேதியும் நேரமும், போட்டுக்கொண்ட ஊசி மருந்து. இந்த நாலையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள்.